கித்தேரியக்காவின் வாய்

யோசேப்பின் கைபேசி அடித்தால் கித்தேரியக்காவின் வாய் அசையும்.

கருவாட்டுப் பாயில் குனிந்திருந்தாலும் சரி, வியாபாரியோடு மல்லுக்கு நின்றாலும் சரி. கைபேசிக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் சிங்களத்தில் கதறும்: கடலே, எடுத்தவனைத் திருப்பித் தா, இல்லாவிட்டால் என்னையும் எடு என்று. பழைய படத்து வசனம். கடற்றொழிலாளர் சங்கத் தலைவரான யோசேப்பு அதைத்தான் அழைப்பொலியாக வைத்திருக்கிறார். அந்தக் குரலின் ஒவ்வொரு சொல்லுக்கும் அக்காவின் உதடுகள் பிசகாமல் திறந்து மூடும். சத்தம் மட்டும் வராது. யோசேப்பு "ஹலோ" என்றதும் வாய் நின்றுவிடும். கை மறுபடியும் கட்டாக் கருவாட்டைப் புரட்டத் தொடங்கும். "என்னக்கா, வாயசைச்சீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "போடா, வெத்திலை மெண்டனான்" என்பார். வெற்றிலை போடும் பழக்கமே அவருக்குக் கிடையாது.

அந்தப் படத்தின் கதாநாயகி அவர்தான். குறிஞ்சிப்பிட்டியில் இதை அறியாத பிள்ளை இல்லை. எண்பதைத் தாண்டிய மனுசி; ஆனால் "ஆச்சி" என்று கூப்பிட்டவனுக்குக் கருவாடு கிடையாது. "ஆச்சியிட்டப் போய் வாங்கு, இங்க அக்காதான் இருக்கிறா" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். தலையில் ஒரு துவாய், அதற்கு மேல் ஓலைத் தொப்பி, கழுத்தில் செபமாலை. யாராவது படம் எடுக்க வந்தால் இடது கன்னத்தை மட்டுமே காட்டுவார். வலது கன்னத்தில் தழும்பு கிழும்பு ஒன்றுமில்லை. "மெட்ராஸ் கமெராக்காரன் சொன்னவன்" என்பார். அந்தக் கமெராக்காரன் செத்தே எத்தனையோ காலமாயிருக்கும், அவன் பேச்சை மட்டும் அக்கா இன்னும் தட்டவில்லை.

பதினேழு வயதில் இதே கரையில் சூடை மீன் காயவைத்துக்கொண்டிருந்தவரைப் படக்கொம்பனி ஒன்று கண்டது. கொழும்பிலிருந்து இடம் பார்க்க வந்தவர்கள் இடத்தை விட்டுவிட்டு ஆளைப் பார்த்தார்கள். அந்தக் காலத்தில் பல சிங்களப் படங்கள் மெட்ராஸில்தான் பிறந்தன. தலைமன்னாரில் கப்பலேறிப் போன கித்தேரி, வசந்தமாலாவாகத் திரும்பி வந்தார். நான்கு படங்கள். நான்கும் ஓடின. "சிலாபத்துத் தியேட்டர் வாசல்ல தென்னைமரம் உயரத்துக்கு நிண்டனான். என்ட காலடியில கடலைக்காரன் கடை போட்டிருந்தான்" என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

அந்தச் சிரிப்பைக் கேட்க வேண்டுமே! தகரத்தில் ஆணியால் கீறுகிற குரல் அவருக்கு. ஏலம் கூறத் தொடங்கினால் கரையிலுள்ள காகம் முழுக்க எழும்பிப் பறக்கும். போதாக்குறைக்கு, சிங்களம் அவர் வாயில் தமிழாகவே வந்து விழும். ஆகவே படத்தில் வாய் அவருடையது, குரல் மேபலுடையது. மேபல் மாறவிலக்காரி, ஒத்த வயது. திரையில் ஓடும் கித்தேரியின் உதட்டைப் பார்த்துப் பார்த்து ஒலிவாங்கி முன்னால் நின்று பேசுவாள். மெட்ராஸில் இரண்டு பேருக்கும் ஒரே அறை, ஒரே சீப்பு, ஒரே பவுடர் டப்பா. "அவள் அழுதா எனக்குக் கண்ணீர் வரும், நான் ஓடினா அவளுக்கு மூச்சு வாங்கும்" என்பார் அக்கா. படத்தின் தொடக்கத்தில் தையற்காரனின் பெயர்கூட வந்தது. மேபலின் பெயர் ஒரு படத்திலும் வரவில்லை.

பிறகு இலங்கையிலேயே, நடிப்பவரின் சொந்தக் குரலோடு படம் எடுக்கத் தொடங்கினார்கள். கித்தேரி ஒரு வசனத்தைப் பேசிக் காட்டினார். இயக்குநர் ஒரு கிளாஸ் தண்ணீர் வாங்கிக் குடித்தார். அத்தோடு சினிமா முடிந்தது. ஊருக்கு வந்து பஸ்தியானைக் கட்டினார். பஸ்தியான் போய்ச் சேர்ந்த பிறகும் கருவாட்டை விடவில்லை.

"அது என்ட குரல் இல்லையடா, மேபல்ட குரல்" என்று அன்றிலிருந்து சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். யார் நம்பினார்கள்? அக்காவுக்குப் பெருமை பிடிக்காது என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். சந்தித் தேத்தண்ணிக் கடை றிஷ்னா சமாதானம் வேறு சொல்வாள். "வயசு போனாக் குரல் கரகரத்துத்தான் போகும் மாமி. அதுக்காக ஒங்கட குரலையே இல்லண்டு சொல்லுவீங்களா?" அக்கா வானத்தைப் பார்ப்பார்.

மேபலை வருடத்துக்கு ஒரு தரம் காண்பார். பங்குனியில், தலவில அன்னம்மா கோயில் திருவிழாவில். கோயில் வளவில் அவர்களுக்கென்று ஒரு மரத்தடி இருக்கிறது. அக்கா கருவாட்டுப் பொதி கொண்டுபோவார், மேபல் இனிப்புக்குத் தொதல் கிண்டிக் கொண்டுவருவார். இரண்டு கிழவிகளும் ஓலைக் கொட்டிலில் தங்கிக் கதைத்துத் தள்ளுவார்கள். இந்த வருடம் மேபல் வரவில்லை. திருநாள் பூசை முடிந்து, கொட்டில் பிரித்து, சனம் வெளிக்கிட்டும் வரவில்லை. அக்காவிடம் கைபேசி கிடையாது. "அந்தச் சனியனுக்குள்ள என்ட குரல் எனக்கே திருப்பிக் கேக்குது" என்று வைத்துக்கொள்ள மறுத்துவிட்டார். கொடுக்காத கருவாட்டுப் பொதியோடு அடுத்த நாள் காலை பஸ் ஏறினார். பக்கத்தில் இருந்த மனுசிக்கு வழி முழுக்க மேபலைப் பற்றி ஏச்சுத்தான். "திமிர் பிடிச்சவள்! வராட்டி ஒரு ஆளிட்டச் சொல்லி அனுப்பினா என்ன, நாக்கு அழுகிப் போகுமா?"

குறிஞ்சிப்பிட்டிச் சந்தியில் இறங்கினார். வீதி நெடுக வெள்ளைக்கொடி. கடல் பக்கம் பார்த்தால், மீன் படுகிற பங்குனி மாதத்தில், மீன்பிடிப் போட்டுகள் எல்லாம் மணலில் ஏறிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றின் முனையிலும் வெள்ளைத் துணி. இந்தக் கரையில் பிறந்து வளர்ந்த ஆள் செத்தால் அன்றைக்கு எவனும் கடலுக்குப் போவதில்லை. அப்படியென்றால் யாரோ தெரிந்த ஆள்தான். சேசுவே, ஆர்? யோசேப்புக்கு நெஞ்சு வருத்தம் இருக்கிறதே! செபமாலையைப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு வைத்தார். பதாகை தெரிந்தது.

பத்தொன்பது வயது. இடது கன்னம். கண்ணீர் அஞ்சலி.

நல்ல படமாகத்தான் போட்டிருக்கிறாங்கள் என்பதுதான் அவருக்கு முதலில் தோன்றியது. அடுத்த கணம்தான் அது தன் படம் என்பது உறைத்தது. மதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டார். எதிரே தன் ஓட்டோவின் மேல் ஏறி நின்று கொடி கட்டிக்கொண்டிருந்த ஃபாஹிம் திரும்பிப் பார்த்தான். "யா அல்லாஹ்!" கையிலிருந்த கயிறு கீழே விழுந்தது; பின்னாலேயே அவனும் இறங்கி, ஓடுவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றான்.

"டேய் ஃபாஹிம், நான் எப்படா செத்தனான்?"

அந்தத் தகரக் குரலைக் கேட்டபின் சந்தேகம் யாருக்கு வரும்? கடைக்குள்ளிருந்து றிஷ்னா தலையில் துணி விலக ஓடிவந்து அக்காவின் கையைத் தடவினாள், கன்னத்தைத் தடவினாள், பிறகு கட்டிப்பிடித்து ஓவென்று அழுதாள். "மௌத்தாகிட்டீங்கண்டு செய்தி வந்தது மாமி! ராவு முழுக்க ஒரு பொட்டு கண்ணு மூடல்ல நான்!" சனம் கூடிவிட்டது. ஒப்பாரிக்கு வந்தவர்கள் சிரிக்கிறார்கள், சிரிக்க வந்தவர்கள் அழுகிறார்கள், யாரோ சோடா உடைக்கிறார்கள். வீங்கிய கண்ணோடு வந்து சேர்ந்தார் யோசேப்பு.

"உங்கட உடம்பை எடுத்துவர தலவிலவுக்கு வான் வண்டியும் போயிட்டுது அக்கா" என்றார் வெட்கத்தோடு. கைபேசியை எடுத்துக் காட்டினார். நேற்று மாலை யாரோ அனுப்பியது. அக்காவின் அந்தக் காலத்துப் படம், அதோடு அந்தக் கடல் வசனம். மேலே சிங்களத்தில் ஒரு வரி: 'இந்தக் குரல் இன்று அடங்கிவிட்டது.'

எல்லோரும் இன்னொரு முறை சிரித்தார்கள். கித்தேரியக்கா சிரிக்கவில்லை.

"எந்தக் குரல்?"

"உங்கட குரல்தான் அக்கா."

"என்ட குரல் எங்கயடா அடங்கினது? இந்தா கத்துறன், கேக்கேல்லயா? கீழ என்னமோ எழுதிக் கிடக்கு. அதை வாசி."

"கீழ நாங்க வாசிக்கேல்ல அக்கா. படத்தைக் கண்டதும் அழுகை வந்திட்டுது."

றிஷ்னா கைபேசியை வாங்கி விரலால் தள்ளினாள். சிங்களத்தை எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கியவளுக்குப் பாதியில் குரல் இறங்கிவிட்டது. "எங்கள் அம்மா... மேபல்... மாறவில வீட்டில... நாளை மறுநாள் அடக்கம்." வாசித்து முடித்துவிட்டு அக்காவைப் பார்த்தாள். "மாமி, அப்ப உண்மையிலயே அது ஒங்கட குரல் இல்லையா?"

"இவ்வளவு காலமும் நான் என்னத்தையடி சொன்னனான்?"

தங்கள் கைபேசியில், தங்கள் கல்யாண வீடுகளில், தங்கள் பிள்ளைகளின் மேடைப் போட்டிகளில் ஊர் தூக்கிக் கொண்டாடிய குரல் யாரோ ஒரு மேபலுடையதாம். அக்கா எத்தனையோ தரம் சொன்ன பெயர் இன்றைக்குத்தான் காதில் ஏறுகிறது. ஃபாஹிம் பதாகையைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், திரும்பவும் பதாகையைப் பார்த்தான். செத்த மனுசி நடந்து வந்ததைவிட இது பெரிய அதிர்ச்சியாக இருந்தது அவர்களுக்கு.

அக்கா வீதியோரத்திலேயே குந்திவிட்டார். மடியில் கருவாட்டுப் பொதி. "வழி முழுக்க ஏசிக்கொண்டு வந்தன், பாவி. நாக்கு அழுகிப் போகுமா எண்டு கேட்டனே, மாதாவே." அழுகைகூட அவருக்கு ஒழுங்காக வரவில்லை, தொண்டையில் அதே ஆணி கீறியது.

யோசேப்பு மேலே கொடியைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "பெடியள், கொடியை அவிழுங்கோ. இன்னும் நேரம் கிடக்கு, தொழிலுக்குப் போகலாம்" என்றார். இளவட்டங்கள் கயிற்றில் கை வைத்தார்கள்.

"தொடாத!"

காகங்கள் எழும்பிப் பறந்தன.

"கொடி நிக்கட்டும் யோசேப்பு. அவளுக்கு நிக்கட்டும்."

"அக்கா, வெளியூர் ஆளுக்குக் கரை மறிக்கிறதில்லை. உங்களுக்குத் தெரியாததா? மீன் படுற நேரம். சங்கத்தில என்னை உண்டு இல்லை எண்டு ஆக்கிப்போடுவாங்கள்."

"எனக்கு ஒரு நாள் தாறதெண்டுதானே எல்லாரும் போட்டை ஏத்தினீங்கள்? அது என்ட நாள்தானே?" கித்தேரியக்கா மதிலைப் பிடித்து எழுந்து நின்றார். "அந்த நாளை நான் அவளுக்குக் குடுக்கிறன். நாளைக்கு நான் செத்தா ஒருத்தனும் நிக்க வேண்டாம். எல்லாரும் கடலுக்குப் போங்கோ. என்ட பெட்டியை ரெண்டு பேர் தூக்கினாப் போதும்."

"அப்பிடிச் சொல்லாதீங்க அக்கா."

"சொல்லிட்டன். ஒரு இடத்திலயும் அவளுக்குப் பேர் போடேல்ல யோசேப்பு. ஒரு கொடியாவது பறக்கட்டும்."

யோசேப்பு கடலைப் பார்த்தார். காற்று நல்ல காற்று, தண்ணீர் நல்ல தண்ணீர். இளவட்டங்களின் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. ஃபாஹிம் தவறவிட்ட கயிற்றை மணலிலிருந்து எடுத்து, கம்பத்தோடு சேர்த்து அவரே முடிச்சுப் போட்டார்.

"பதாகையில ஒங்கட முகம் மாமி" என்றாள் றிஷ்னா மெதுவாக. "அதையாவது கழட்டச் சொல்லட்டுமா?"

"இருக்கட்டும் விடு. அவளுக்கு வேற முகம் ஏது? சனம் கண்டது இதைத்தான்."

அப்போது யோசேப்பின் சட்டைப்பையில் கைபேசி அடித்தது. தலவிலவில் உடம்பைத் தேடிக் காணாத வான்காரர்கள்தான். கடலே, எடுத்தவனைத் திருப்பித் தா என்று அந்தக் குரல் சந்தி முழுக்கக் கதறியது. பழக்கதோசத்தில் எல்லோருடைய கண்ணும் கித்தேரியக்காவின் வாய்க்குப் போனது. முதல் சொல்லுக்கு உதடு திறந்துதான் விட்டது. சட்டென்று உள்ளங்கையை வாயின் மேல் வைத்து இறுக்கிப் பொத்திக்கொண்டார். யோசேப்பு அழைப்பை எடுக்கவில்லை. குரல் கடைசிச் சொல்வரைக்கும் போய் ஓயும்வரை அந்தக் கை வாயை விட்டு இறங்கவில்லை.