பெட்டிக்குக் கால் முளைக்கவில்லை

டைப்பிஸ்ட் அக்காவுக்குக் கோபம் புதிதல்ல. எங்கள் வக்கீல் அலுவலகத்தில் அவர் முதுகுக்குப் பின்னால் நாங்கள் வைத்திருந்த பெயர் மிளகாய். மனுவில் ஒரே வரியை மூன்றாம் முறை மாற்றச் சொன்னால், சொன்னவர் வக்கீலாகவே இருந்தாலும், "முதல்லயே யோசிச்சுட்டு வாயத் திறக்கலாமே சார்" என்பார். வக்கீலும் தலையைச் சொறிந்துகொண்டு போய்விடுவார். அக்காவின் கை அப்படிப்பட்ட கை. நாம் பேசி முடிப்பதற்குள் அவர் அடித்து முடித்திருப்பார். பழைய தட்டச்சுப் பொறியில் 'யளனகப' என்று அடித்துத் தேறிய விரல்கள். கம்ப்யூட்டர் வந்த பிறகும் அதே எழுத்து வரிசையைத்தான் அதில் போட்டு வைத்திருந்தார். விசைகளைப் பார்த்துப் பார்த்து அடிப்பவர்களைக் கண்டால், வாய் எங்கே இருக்கிறது என்று தேடித் தேடிச் சாப்பிடுகிறவர்களைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்.

நான் அங்கே குமாஸ்தா. அவருக்கு அடுத்த மேசை. நடந்ததில் பாதியை அக்கா சொல்லிக் கேட்டேன், மீதியை அவர் வீட்டுக்காரர் சொல்லிக் கேட்டேன். இரண்டும் ஒத்துப்போகாத இடங்களில் அக்கா சொன்னதையே எடுத்துக்கொண்டிருக்கிறேன். நாளைக்கும் நான் அந்த மேசையில் உட்கார வேண்டும்.

வீட்டுக்காரர் குடிநீர் நிலையத்தில் பம்பு பார்த்து ஓய்வு பெற்றவர். தங்கமான மனிதர். அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டார். ஆனால் அவர் எதையும் உடைக்கவும் மாட்டார், அதுவாக உடையும். "டம்ளர் உடைஞ்சிடுச்சு." "பால் பொங்கிடுச்சு." "சாவி தொலைஞ்சிடுச்சு." கல்யாணமான நாளிலிருந்து 'உடைச்சுட்டேன்', 'தொலைச்சுட்டேன்' என்று ஒருமுறைகூட அந்த மனிதர் சொல்லிக் கேட்டதில்லை என்பார் அக்கா. "அவரு பக்கத்துல நின்னுக்கிட்டே இருப்பாரு. எல்லாம் தானா நடக்கும்."

அக்கா வீட்டிலும் வேலை பார்ப்பார். மாடியறையில் ஒரு பழைய கம்ப்யூட்டர், இழுத்துக்கொண்டு கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்காரர், "தூசி தட்டி வாங்கிட்டு வரேன்" என்று அதைத் தூக்கிக்கொண்டு போனார். மத்தியானம் அக்கா மாடியில் தூங்கிக்கொண்டிருந்தபோது, புதுக் கம்ப்யூட்டர் ஒன்றோடு சத்தமில்லாமல் திரும்பி வந்தார். பழையதைக் கடையிலேயே கொடுத்துவிட்டார். மனைவி எழுந்ததும் அசந்துபோக வேண்டும் என்று ஆசை. அடுத்த அறையில் புதியதைப் பிரித்து வைத்துவிட்டு, அது வந்த அட்டைப்பெட்டியைக் கீழே கொண்டுபோகும் வழியில், போன் அடித்தது. படி திரும்பும் இடத்தில் பெட்டியை வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

அக்கா எழுந்து, துவைக்க வேண்டிய படுக்கை விரிப்புகளைச் சுருட்டி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினார். கீழே என்ன இருக்கிறது என்று தெரியாது. அக்காவும் பெட்டியும் விரிப்புகளும் ஒன்றாக உருண்டு கீழே வந்து சேர்ந்தார்கள். வலது மணிக்கட்டு முறிந்தது. முழங்கால் பிசகியது.

தரையில் கிடந்தவர் காதில் விழுந்த முதல் வார்த்தை: "ஐயையோ, பெட்டி இருந்துச்சே, பாக்கலையா?"

"கை ஒடிஞ்ச வலி அப்புறம்தான் வந்துச்சு" என்றார் அக்கா என்னிடம். "இருந்துச்சாம்! அதுக்குக் கால் முளைச்சுப் படியேறி வந்து உக்காந்திருந்துச்சாம்!"

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், "எப்படிம்மா விழுந்தீங்க?"

"படியில தவறிட்டா டாக்டர்" என்றார் வீட்டுக்காரர்.

"தவறல. படியில பெட்டி" என்றார் அக்கா.

"என்ன பெட்டி?"

"அவரைக் கேளுங்க."

"கம்ப்யூட்டர் பெட்டி டாக்டர். அது அங்க இருந்திருக்கு."

டாக்டர் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டே, "இனிமே லைட்டைப் போட்டுட்டு இறங்குங்கம்மா" என்றார். பட்டப்பகலில் விழுந்தவருக்கு இப்படி ஒரு புத்திமதி.

அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லோரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் போலப் பேசினார்கள். "பாத்து வரக் கூடாதா?" "நமக்கும் வயசாகுதுல்ல?" "கண்ணைக் காட்டுங்க, பவர் மாறியிருக்கும்." எதிர்வீட்டு அம்மாள், தான் தினமும் படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்வதாகச் சொல்லி, எழுந்து நின்று நடித்தும் காட்டினாள். நாத்தனார் வந்தார், வீட்டுக்காரரின் அக்கா. ஒரு பை ஆரஞ்சும், பைக்குள் அடங்காத பாசமும். உட்கார்ந்ததும், "என் தம்பி எப்படி இளைச்சுட்டான் பாரு. ஆம்பளைப் பிள்ளை, அடுப்படியில நின்னு வேகுறான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அண்ணி, கட்டு எனக்குப் போட்டிருக்கு" என்றார் அக்கா.

"உனக்கென்னம்மா, நீ படுத்திருக்கே."

அன்று ஆரஞ்சுப் பழங்களில் ஒன்றுகூட அக்கா தொடவில்லை. எல்லாவற்றையும் வீட்டுக்காரரே உரித்து உரித்துத் தின்று தீர்த்தார். முதலில் அவர் நார் எடுத்து, கொட்டை எடுத்து, தட்டில் வைத்து அக்காவிடம்தான் நீட்டினார். அக்கா தலையைத் திருப்பிக்கொண்டார் என்பதையும் சொல்ல வேண்டும். அவருக்குச் செய்யத் தெரியும். வெந்நீர் வைப்பார், தலை வாரிவிடுவார், செருப்பைக் காலில் மாட்டிவிடுவார். வேண்டிய அந்த ஒரு வார்த்தை மட்டும் வராது.

வீட்டில் இருந்தாலும் வேலை வேண்டும் என்று அக்கா வக்கீலிடம் பிடிவாதம் பிடித்தார். அவருடைய நாற்காலியில் தற்காலிகமாக ஒரு பெண்ணை உட்கார வைத்திருக்கிறார்கள் என்று யாரோ வத்தி வைத்துவிட்டார்கள். சரி, அந்த யாரோ நான்தான். வக்கீலும் அவசரமில்லாத மனுக்களை என்னிடம் கொடுத்தனுப்பினார். அக்கா படியேற முடியாததால் வீட்டுக்காரர் புதுக் கம்ப்யூட்டரைக் கீழே கொண்டுவந்து முன்னறையில் வைத்தார். அக்கா அதன் முன்னால் உட்கார்ந்தார். இடது கையை விசைகள்மேல் வைத்தார். நிமிர்ந்தார்.

"என் கீபோர்டு எங்க?"

"இது புதுசு. சத்தமே வராது."

"என் கீபோர்டு எங்கன்னு கேட்டேன்."

"அதுவும் சேந்து போயிடுச்சு."

எழுத்துகள் தேய்ந்து வழவழப்பாகிப்போன அந்தப் பலகையைக் கடைக்காரன் அன்றைக்கே குப்பையில் எறிந்திருப்பான். அக்கா அப்போது கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது என்றார் வீட்டுக்காரர்.

புதியதில் கடைக்காரன் வேறு எழுத்து வரிசையைப் போட்டுக் கொடுத்திருந்தான். 'யளனகப' அடித்தால் வேறென்னவோ வந்தது. வெளியூரில் இருக்கும் மகள் போனில் விளக்கினாள்: "அம்மா, இது ரொம்ப சுலபம். உயிரெழுத்தெல்லாம் இடது கைப்பக்கம். மெய்யெழுத்து பெரும்பாலும் வலது கைப்பக்கம்."

"மெய்தான்டி ஒடிஞ்சு கெடக்கு. வெறும் உயிர வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?"

இடது கை தன் இடத்தில் இருந்தபடி மேல்வரிசையில் ஓடினால் 'ஆ ஈ ஊ' என்று வந்தது. அக்காவின் அப்போதைய நிலைமைக்கு அது பொருத்தமாகவே இருந்தது.

பழைய வரிசையை இதிலும் கொண்டுவரலாம் என்று மகள் வழி சொன்னாள். கொண்டுவந்தும் பார்த்தார்கள். அப்போதுதான் ஒன்று தெரிந்தது. பழைய வரிசை திரையில் வந்ததும் விரல்கள் தாமாகவே விழித்துக்கொண்டன. ஒரு சொல்லை மனத்தில் நினைத்த மாத்திரத்தில் மாவுக்கட்டுக்குள்ளிருந்த வலது விரல்கள் துள்ளின. துள்ளும் ஒவ்வொரு தடவையும் மணிக்கட்டில் ஊசி இறங்கியது. இரண்டு வரி முடிவதற்குள் கண்ணில் நீர் வந்துவிட்டது. புது வரிசையில் அந்தத் தொல்லை இல்லை. எதுவும் தெரியாததால் வலது கை சும்மா கிடந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அக்கா புதியதையே வைத்துக்கொண்டார். இடது கையின் ஒரு விரல், விசைகளைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வோர் எழுத்தாக. வாய் தேடிச் சாப்பிடும் கூட்டத்தில் அவரும் சேர்ந்தார். நான் மனு வாங்கப் போயிருந்தபோது அதைப் பார்த்தேன். "என்ன பாக்குறே? சிரிக்கணும்னா வெளிய போய்ச் சிரி" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு அந்தப் புதன்கிழமை வந்தது. காலையில் உட்கார்ந்து மத்தியானம்வரை ஒற்றை விரலால் ஒரு நீளமான மனுவை அடித்திருந்தார் அக்கா. கடைசிப் பத்தி பாக்கி. கைத்தடியை ஊன்றிக்கொண்டு பாத்ரூமுக்குப் போனார். பழைய கம்ப்யூட்டரில் அடிப்பது தானாகவே சேமிக்கப்படும். மகள் அப்படிச் செய்து வைத்திருந்தாள். புதியதில் அந்த ஏற்பாடு இல்லை, அது அக்காவுக்குத் தெரியவுமில்லை. காபி கொண்டுவந்த வீட்டுக்காரரிடம் திரை எதையோ கேட்டது. புதுப்பிக்கட்டுமா என்றது. நல்ல மனிதர், யார் கேட்டாலும் இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லாதவர். ஆம் என்பதை அமுக்கினார்.

அக்கா திரும்பி வந்தபோது திரை கறுப்பாக இருந்தது. அணைந்து எரிந்தபோது மனு இல்லை.

"என்ன ஆச்சு?"

"ஆஃப் ஆயிடுச்சு."

"ஆஃப் ஆயிடுச்சா, ஆஃப் பண்ணீங்களா?"

"அது கேட்டுச்சு..."

"அது கேட்டுச்சு, நீங்க என்ன பண்ணீங்க? கை இருக்குல்ல உங்களுக்கு? ரெண்டு இருக்குல்ல? அந்தக் கை என்ன பண்ணுச்சு?"

காபி டம்ளர் சுவரில் போய் மோதியது. அதை யார் எறிந்தது என்பதில் அக்காவுக்கு எந்த ஒளிவும் இல்லை. "நான்தான் எறிஞ்சேன்" என்று உரக்கச் சொன்னார், ஜன்னல் வழியாக எதிர்வீட்டுக்கும் கேட்கும்படி. "பாத்தீங்களா? எறிஞ்சேன்! டம்ளர் பறக்கல! சொல்றதுக்கு எவ்வளவு நேரமாச்சு? நாக்கு வெந்தா போச்சு? பழசை நீங்க கொடுத்தீங்க. கீபோர்டை நீங்க கொடுத்தீங்க. படியில பெட்டியை நீங்க வெச்சீங்க. ஊர்ல இருக்கிறவன் எல்லாம் வந்து எனக்குக் கண்ணு தெரியலன்னு சொல்லிட்டுப் போறான். நீங்க பக்கத்துல நின்னு ஆரஞ்சு உரிச்சுக்கிட்டிருக்கீங்க!"

வீட்டுக்காரர் குனிந்து சிதறல்களைப் பொறுக்கினார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். இருட்டும் நேரத்தில் திரும்பி வந்து சமைத்தார். இருவரும் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை.

கட்டுப் பிரித்த பிறகு கைக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு பெண்ணிடம் அனுப்பினார்கள். சின்ன அறை, பந்துகள், ரப்பர் பட்டைகள், சுவரில் எலும்புப் படம். அவள் அக்காவின் கையைத் தன் மடியில் வைத்துத் திருப்பிப் பார்த்தாள். நாள் முழுக்கக் கேட்டுப் பழகிய கேள்வியைக் கேட்டாள்: "எப்படி விழுந்தீங்க?"

அக்கா வாயைத் திறப்பதற்குள் பக்கத்து நாற்காலியிலிருந்து குரல் வந்தது.

"நான் படியில ஒரு பெட்டியை வெச்சேன். எடுக்க மறந்துட்டேன். அதுல தடுக்கி விழுந்தா. அவ மேல ஒரு தப்பும் இல்ல."

அந்தப் பெண், "ஓ, சரி சார்" என்று எழுதிக்கொண்டு, பந்தை எடுத்து அக்கா கையில் வைத்து அமுக்கச் சொன்னாள். அவ்வளவுதான். இடி இடிக்கவில்லை, கூரை இறங்கவில்லை. அக்காவுக்கு மனம் குளிர்ந்திருக்க வேண்டும். குளிரவில்லை. பந்தை அமுக்க அமுக்கக் கோபம் தலைக்கேறியது. இவ்வளவு சுலபமாக வருகிற ஒன்றையா இத்தனை நாள் அடைத்து வைத்திருந்தார்?

வாடகைக் காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் ஆரம்பித்தார். "யாரோ ஒருத்திகிட்ட சொல்ல வருது. எங்கிட்ட சொல்ல வரலையா?"

"வரல."

"ஏன்?"

"உங்கிட்ட ஒரு தப்பை ஒத்துக்கிட்டா, அதைப் பொட்டியில போட்டுப் பூட்டி வெச்சுக்குவே. வேணும்கிறப்போ எடுத்து அடிப்பே. கல்யாணமான புதுசுல உன் கடிகாரத்தைத் தண்ணியில போட்டேன்னு உண்மையைச் சொன்னேன். ரெண்டு வருஷம் திட்டினே. அன்னியிலிருந்து எங்கையில எதுவும் உடையறதில்ல."

"அப்ப எம்மேலதான் தப்பு!"

"உம்மேல இல்ல. பயம், அவ்வளவுதான்."

"நான் என்ன புலியா?"

"புலின்னா கூண்டு இருக்கும்."

ஓட்டுநர் பாட்டைக் குறைத்திருந்தார், தோள் குலுங்கியது. "நீங்க ரோட்டைப் பாருங்க" என்றார் அக்கா.

வீட்டுக்காரர் அன்றைக்கு நிறுத்தவில்லை. முப்பது வருடச் சேமிப்பு அவரிடமும் இருந்திருக்கிறது. "நீதானே தினமும் அந்தப் பழசைப் பாத்து, இந்தச் சனியனை எவனாவது தூக்கிட்டுப் போகமாட்டானான்னு கத்தினே? தூக்கிட்டுப் போனேன். புதுசு வாங்கிட்டு வந்தேன். நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னியா?"

"கையை ஒடிச்சுட்டு நல்லாருக்குன்னு வேற சொல்லணுமா?"

"ஒடிச்சேன். ஆமா, நான்தான் ஒடிச்சேன். போதுமா?"

"போதாது!"

வீடு வந்து, காருக்குக் காசு கொடுத்து, கதவைத் திறந்து, செருப்பைக் கழற்றும்வரை இருவரும் மாறி மாறிக் கத்திக்கொண்டே இருந்தார்கள். எதிர்வீட்டு அம்மாள் வாசலுக்கே வந்துவிட்டாள். "ஏன்ம்மா, உடம்பு சரியில்லாத நேரத்துல..." என்று தொடங்கியவளிடம் வீட்டுக்காரர் திரும்பி, "படியில பெட்டி வெச்சது நான். நீங்க வீட்டுக்குள்ள போங்க" என்றார். அவர் அப்படிப் பேசி அந்தத் தெரு கேட்டதில்லை. அக்காவும்தான்.

அதன்பின் அவர்கள் வீட்டில் அமைதி வந்துவிட்டது என்று சொன்னால் பொய். சண்டை கூடியிருக்கிறது. ஒருவர் கத்த ஒருவர் பாத்திரம் துலக்கிய காலம் போய், இப்போது இரண்டு குரல் கேட்கிறது. கையை ஒடித்ததைப் பற்றி அக்கா இன்றும் வாரம் ஒருமுறையாவது சொல்லிக்காட்டுகிறார். "ரெண்டு வருஷக் கணக்கு இன்னும் முடியலையே" என்று அவர் பதில் சொல்கிறார்.

அக்கா அலுவலகத்துக்குத் திரும்பினார். தற்காலிகப் பெண்ணை வக்கீல் அனுப்பவில்லை. இருவருக்கும் வேலையைப் பிரித்துக் கொடுத்தார். அதற்கு ஒரு கோபம். மணிக்கட்டு முழுதாக வளையவில்லை. குளிர் நாட்களில் குடைகிறது. அதற்கு ஒரு கோபம். புது வரிசையில் இரண்டு கையாலும் அடிக்கிறார், பார்க்காமல்தான், ஆனால் பழைய வேகம் வரவில்லை. இனி வராது என்று அவருக்கே தெரியும். வரியை மாற்றச் சொல்லும்போது வக்கீல் இப்போது சற்றுத் தைரியமாகச் சொல்கிறார். அக்கா அவரை நிமிர்ந்து பார்க்கிறார். அந்தப் பார்வை மட்டும் எங்கும் முறியவில்லை.

போன வாரம் மாலையில் ஒரு கேஸ் கட்டைக் கொடுக்க அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். புதுக் கம்ப்யூட்டரின் முன்னால் வீட்டுக்காரர் உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்தார், திரையில். ராணியின்மேல் ராஜாவை வைக்க முயன்று தோற்றுக்கொண்டிருந்தார். பின்னால் அக்கா இடுப்பில் கைவைத்து நின்றார்.

"எந்திரிங்க. எனக்கு வேலை இருக்கு."

"ஒரே ஆட்டம்."

"அரைமணியா ஒரே ஆட்டம்தான் ஓடுது. இதுக்குத்தான் வாங்கினீங்களா?"

"ஆமா" என்றார் அவர், திரும்பிக்கூடப் பார்க்காமல். "எனக்குந்தான் வாங்கினேன்."

அக்கா என்னைப் பார்த்தார். "கேட்டியா திமிரை!" என்றார். பிறகு இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ராணி எங்கே போக வேண்டும் என்று அவரைத் திட்டத் தொடங்கினார்.