மீன்கள் விட்ட இடம்

இது நடந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் எல்லாவற்றையும் சரியாக நினைவில் வைத்திருக்கிறேனா என்று கேட்டால் எனக்கே சந்தேகம்தான். அந்த மீன்களுக்குக் கண் இருந்ததா என்று இத்தனை வருஷமாக யோசிக்கிறேன். சில நாள் இருந்த மாதிரி தோன்றும். சில நாள் இல்லை. பேய் என்றால் நள்ளிரவில்தான் வரும் என்பார்கள். இது பட்டப்பகலில் நடந்தது. சாப்பாட்டு மணி அடிக்கப் பத்து நிமிஷம் இருந்தது. என் பசி நினைவிருக்கிறது. எரிச்சல் அதைவிட நன்றாக நினைவிருக்கிறது.

வெளிநாட்டில் ஒரு மின் நிலையம். ஏரித் தண்ணீரை இழுக்கும் பம்ப் கூடத்தில் நான் ஃபிட்டர். மூன்று பம்புகள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் இரண்டாள் ஆழத்தில் சதுரமான சிமெண்டுத் தொட்டி, அதற்குள் குப்பையைத் தடுக்க இரும்புக் கம்பிகள். கம்பிகளில் பாசி அடைத்தால் பம்பை நிறுத்திவிட்டு ஆள் முங்கிச் சுத்தம் செய்ய வேண்டும். முங்குகிறவன் என் தங்கை புருஷன். அந்த வேலைக்கு அவனை இழுத்து வந்தவன் நான். அவளுக்கு அப்போது ஏழாம் மாதம். போனை எடுத்தாலே, "அவரைப் பாத்துக்கண்ணா" என்பாள். வேறு எதுவும் கேட்க மாட்டாள்.

அங்கே ஒரு விதி. ஆள் தண்ணீரில் இறங்கும் முன், அந்த வேலையில் இருக்கும் ஒவ்வொருவரும் பம்பின் சுவிட்ச் பெட்டியில் தன் பூட்டை மாட்ட வேண்டும். சாவி அவரவர் பையில். வேலை முடிந்ததும் அவனவன் பூட்டை அவனவன்தான் திறக்கலாம். ஒரு பூட்டு மிச்சம் இருந்தாலும் பம்ப் ஓடாது. உள்ளே ஆள் இருக்கிறான் என்று அர்த்தம்.

எங்கள் குழுவில் நான்கு பேர். நான், மாப்ள, வயதான எலக்ட்ரீஷியன் அண்ணன், பிறகு சூப்பர்வைசர். எதற்கெடுத்தாலும் விசில் ஊதுவார் என்பதால் அவர் பெயரே விசில். ஆக, நான்கு பூட்டுகள்.

மழை தொடங்கிய சமயம் மூன்றாவது தொட்டிக்கு அந்த மீன்கள் வந்தன. முழங்கை நீளம். செதிள் கிடையாது. ஈரமான தார் மாதிரி ஒரு கறுப்பு. ஏரியில் வலை போடுகிறவரைக் கூட்டி வந்து காட்டினோம். எட்டிப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போய்விட்டார். நாங்களாகவே காட்டு மீன் என்று பெயர் வைத்தோம். இரை போட்டால் தின்னாது. கல் விட்டால் ஓடாது. தொட்டி நிறைய, தோளோடு தோள் உரசிக்கொண்டு, அசையாமல் நிற்கும்.

நடுவில் மட்டும் கொஞ்சம் இடம் விட்டு.

பம்ப் தண்ணீர் இழுக்கவில்லை என்று மாப்ளையை இறக்கினோம். மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான்.

"கெட்டியா பிடி மச்சான். எனக்கு ஏதாவது ஆச்சுன்னா உன் தங்கச்சி உன்னைத்தான் தோலை உரிப்பா."

"உனக்கு ஏதாவது ஆச்சுன்னா எனக்கு ரூம்ல ரெண்டு கட்டிலு. பேசாம இறங்கு மாப்ள."

இறங்கினான். மீன்கள் விலகி அவனுக்கு வழி விட்டன. அவன் போகும் இடமெல்லாம் ஆள் அளவுக்கு ஒரு வெற்றிடம் கூடவே போனது. அதில் மூச்சுக் குமிழிகள் வந்தன. அது சரி. ஆனால் முதலில் இருந்த வெற்றிடம் அப்படியே இருந்தது. அதுவும் ஆள் அளவுதான். கம்பியை ஒட்டி, அசையாமல்.

அதில் குமிழி இல்லை.

விசிலிடம் சொன்னேன். "மீனை எண்ணவா உனக்குச் சம்பளம்?" என்றார்.

மாப்ள மேலே வந்தான். கம்பி சுத்தமாக இருக்கிறதாம். பாசியே இல்லையாம். அப்புறம் ஏன் தண்ணீர் வரவில்லை? தெரியாது. எரிச்சலோடு பூட்டுகளைத் திறந்தோம். அவன் ஒன்று, நான் ஒன்று, அண்ணன் ஒன்று, விசில் ஒன்று.

ஐந்தாவதாக ஒன்று தொங்கியது.

பழைய பூட்டு. வளையத்தில் செப்புக் கம்பி சுற்றியிருந்தது. அதன் அடியிலிருந்து தண்ணீர் சொட்டியது... டப்... டப்... 

"எவன்டா இதை மாட்டினது?" விசில் கத்தினார். எங்களில் யாரும் மாட்டவில்லை. கூடம் முழுக்க ஆள் எண்ணிப் பார்த்தாயிற்று. எல்லோரும் வெளியே. "அறுத்துத் தள்ளு. யாரோ விட்டுட்டுப் போயிருக்கான்."

போல்ட் கட்டரால் நான்தான் அறுத்தேன். எலக்ட்ரீஷியன் அண்ணன் அந்தப் பூட்டைப் பார்த்த மாத்திரத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். "வெயிலு" என்றார். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

பம்ப் மூன்று நாள் ஓடியது. மறுபடி நின்றது.

மறுபடி மீன்கள். மறுபடி அதே இடத்தில் அந்த வெற்றிடம். எனக்குப் பயம் வரவில்லை, வெறுப்புதான் வந்தது. நான் சொல்வதை ஒரு ஆள் காது கொடுத்துக் கேட்கவில்லை. மாப்ளகூடச் சிரித்தான். "மீனா? உள்ளே ஒரு மீன்கூடக் கிடையாது மச்சான். மேல நின்னுக்கிட்டு நீங்கதான் எதையோ பாக்கறீங்க." அவனோடு அன்றைக்கெல்லாம் நான் பேசவில்லை. கயிற்றை மட்டும் பிடித்தேன்.

மேலே வந்தான். கம்பி சுத்தம் என்றான். தன் பூட்டைத் திறந்துகொண்டு முதுகிலிருந்த காற்று சிலிண்டரைக் கழற்ற ஏணிப் பக்கம் போனான். நாங்கள் மூவரும் எங்கள் பூட்டுகளைத் திறந்தோம்.

ஐந்தாவது பூட்டு.

அதே செப்புக் கம்பி. மூன்று நாள் முன்னால் என் கையால் இரண்டாக அறுத்த அதே வளையம். இப்போது முழுசாக இருந்தது.

டப்... டப்...

விசில் என்னை முறைத்தார். நான் செய்யும் விளையாட்டு என்று நினைத்துவிட்டார். "போய் கட்டரை எடுத்துட்டு வா. இன்னைக்கே பம்ப் ஓடணும். இல்லாட்டி நீயும் உன் மாப்ளையும் ஒரே விமானத்துல ஊருக்குப் போலாம்."

கட்டர் தொட்டிக்கு அந்தப் பக்கம் கிடந்தது. எடுத்துக்கொண்டு திரும்பினேன். வாய்க்குள் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். எதற்காகத் தொட்டியை எட்டிப் பார்த்தேன் என்று இன்றும் தெரியவில்லை.

மீன்கள் நடுவே வெற்றிடம் இருந்தது.

ஒன்றல்ல.

இரண்டு.

ஒன்று அசையாமல். இன்னொன்று அதை ஒட்டி... துடித்துக்கொண்டு.

"மாப்ள!"

ஏணிப் பக்கத்தில் சிலிண்டர் கிடந்தது. கயிறு கிடந்தது. அவன் இல்லை.

ஓடினேன். "உள்ளே ஆள் சார்! ஆள்!" விசில் கேட்கவில்லை. என் கையிலிருந்து கட்டரைப் பிடுங்கினார். வளையத்தில் வைத்தார்.

பையில் என் பூட்டு.

எடுத்துச் சுவிட்ச் பெட்டியில் மாட்டப் பார்த்தேன்.

ஓட்டை கிடைக்கவில்லை...

கிடைத்தது.

க்ளிக்.

அதே நொடியில் கடக்கென்று பழைய பூட்டு அறுந்து விழுந்தது. விசில் பொத்தானை அழுத்தினார். பம்ப் ஓடவில்லை. என் பூட்டு பிடித்துக்கொண்டது.

பின்னால் தண்ணீர் உடையும் சத்தம். மாப்ள தலையைத் தூக்கினான். இருமினான். இரண்டு பேராக இழுத்து வெளியே போட்டோம். தொட்டியில் ஒரு மீன்கூட இல்லை.

"அவன் எங்க?" என்றான்.

"எவன்?"

"கீழ இருந்தவன். ஏணிகிட்ட சிலிண்டரைக் கழட்டும்போது பாத்தேன். கையை ஆட்டினான். கூட்டிட்டு வரப் போனேன்."

"பூட்டைத் திறந்துட்டு யாராவது திரும்பி இறங்குவானா, அறிவிருக்கா உனக்கு?" எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"அவன் பூட்டுதான் தொங்குச்சே மச்சான். யாரு பம்ப் போடப் போறான்னு நெனச்சேன்." கொஞ்ச நேரம் தன் உள்ளங்கையைப் பார்த்தான். "இழுத்தேன். வரல. இடுப்பு கம்பியோட ஒட்டிக்கிட்டிருக்கு."

விசில் அதற்கப்புறம் விசில் ஊதி நான் கேட்கவில்லை.

ஒப்பந்தம் முடிந்து நாங்கள் கிளம்பிய காலையில் எலக்ட்ரீஷியன் அண்ணன் பெட்டி தூக்க வந்தார். கேட்காமலே சொன்னார். நாங்கள் வருவதற்குப் பல வருஷம் முன்னால் அதே தொட்டியில் ஒருவன் முங்கியிருக்கிறான். சாப்பாட்டு நேரம். பூட்டை மறந்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான் என்று நினைத்து அப்போதிருந்த ஃபிட்டர் அதை அறுத்துவிட்டான். பம்ப் இழுத்த இழுப்பில் அவன் கம்பியோடு ஒட்டிக்கொண்டான்.

"தன் பூட்டுன்னு தெரியறதுக்காகச் செப்புக் கம்பி சுத்தி வெச்சிருப்பான்" என்றார். "அறுந்த பூட்டை அவன் சவப்பெட்டிக்குள்ளேயே வெச்சு ஊருக்கு அனுப்பினோம்பா. நான்தான் வெச்சேன்."

மீன்களைப் பற்றிக் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. மேலே நின்ற நாங்கள் மூன்று பேரும் மீன்களைப் பார்த்தோம், ஆளைப் பார்க்கவில்லை. கீழே போனவன் ஆளைப் பார்த்தான், மீனைப் பார்க்கவில்லை. யோசித்து யோசித்துத் தலைவலிதான் மிச்சம்.

அண்ணன் மறு வருஷம் தூக்கத்தில் போய்ச் சேர்ந்தார். விசில் ஓய்வு பெற்று மகன் வீட்டில் இருக்கிறார். நான் ஊரில் மோட்டார் பழுது பார்க்கிறேன். தங்கைக்குப் பெண் பிறந்தது, இப்போது கல்லூரியில் படிக்கிறாள். மாப்ள சைக்கிள் கடை வைத்திருக்கிறான். தண்ணீர்ப் பக்கம் போவதில்லை. எப்போதாவது கடையை அடைத்த பிறகு, ஒன்றே ஒன்று கேட்பான்.

"அவனை யாராவது வெளிய எடுத்தாங்களா மச்சான்?"

அன்றைக்கே எடுத்தார்கள், ஊருக்கே அனுப்பினார்கள் என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். தலையாட்டுவான். அடுத்த முறையும் அதையேதான் கேட்பான்.

மூன்றாவது தொட்டியில் கான்கிரீட் கொட்டி மூடிவிட்டார்கள். அதை மட்டும் நான் அவனிடம் சொல்லவில்லை.