சுவரோடு அடித்த கம்பு

என் தங்கை பாயிலிருந்து எழும்பும்போது கையை எங்கும் ஊன்றமாட்டாள். சும்மா எழும்பி நடந்து போய்விடுவாள். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரியும். நான் எழும்புவதென்றால் முதலில் குப்புறத் திரும்பி, கையையும் காலையும் ஊன்றி, முழங்காலைப் பிடித்து, தொடையைப் பிடித்து, என் உடம்பின் மேலேயே ஏறித்தான் எழும்ப வேண்டும்.

இது தசை தேயும் நோய், மருந்தில்லை என்று மட்டக்களப்பு ஆஸ்பத்திரி டாக்டர் வாப்பாவிடம் சொல்லிவிட்டார். குதிகால் நரம்பு சுருங்காதபடி தினமும் பாதத்தை மேலே தள்ளிப் பிடிக்க வேண்டும், எதையாவது பிடித்தாவது நடக்க வேண்டும், நடையை விட்டால் கால் சீக்கிரம் போய்விடும் என்றார். பாதம் தள்ளும் வேலை தங்கைக்கு வந்தது. விடியற்காலையில் சுபஹு தொழுதுவிட்டு வந்து என் காலை மடியில் வைத்துக்கொள்வாள். நோகிறதா என்று கேட்பாள். நொந்தாலும் இல்லை என்பேன். அவள் கையில் இருந்த பலத்தைக்கூட என்னால் பொறுக்க முடியவில்லை.

ஐம்பதுகளின் தொடக்கம் அது. கல்முனையில் எங்கள் ஆட்கள் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் மாப்பிள்ளை எடுப்பார்கள். மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். மூத்தவளான எனக்கென்று வாப்பா கல்வீடு கட்டிக்கொண்டிருந்தார். டாக்டர் சொன்னதைக் கேட்டதும் மரவேலை ஓடாவியாரைக் கூப்பிட்டு, நடு அறைச் சுவர் நெடுக என் இடுப்புயரத்துக்கு முதிரைக் கம்பு ஒன்றை அடிப்பித்தார்.

ஆனால் வாப்பா மாப்பிள்ளை கேட்டுப் போன இடமெல்லாம் என் நடை அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. கடைசியில் தங்கைக்குத்தான் சாய்ந்தமருதில் ஓரிடம் சரிவந்தது. வீடும் அவளுக்குப் போனது. வாப்பாவும் உம்மாவும் நானும் அதே வளவில் பின்பக்கத்து ஓலை வீட்டுக்கு மாறினோம். பாதம் தள்ளுவது உம்மாவின் தலையில் விழுந்தது. நடை பழக மட்டும் நான் தினமும் தங்கை வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

கல்யாணம் முடிந்த கையோடு, வீடு ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது, கம்பைக் கழற்றுங்கள் என்று மாப்பிள்ளையின் உம்மா சொன்னார். நான் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கம்பு போனால் என் நடையும் போய்விடும்.

“அது ராத்தாட கம்பு, மாமி. கழட்ட ஏலா” என்றாள் தங்கை.

எனக்கு நன்றி வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமைதான். வீடு போனது, மாப்பிள்ளை போனார், நல்லவள் என்ற பேரும் அவளுக்கே போய்விட்டதே என்று பொருமினேன்.

அவள் பிள்ளை உண்டானபோது கண்ணூறு பட்டுவிடும் என்று உம்மா மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டுக்கொண்டே இருந்தார். ஊர்க்கண்ணுக்கு எங்கே போவது, உள்வீட்டுக் கண்ணே போதாதா என்று எனக்குள் சிரித்துக்கொள்வேன்.

மாதம் ஏறியபின் ஒரு நாள் போனபோது தங்கை பாயிலிருந்து எழும்பிக்கொண்டிருந்தாள். ஒரு கை தொடையில், மற்றக் கை என் கம்பில். மூச்சு வாங்கியது. என்னைக் கண்டதும் வெட்கப்பட்டாள்.

“எப்பிடி ராத்தா நீங்க ஒவ்வொரு நாளும் எழும்புறீங்க?”

அன்றிலிருந்து அவளுக்கு நோவு எடுக்கும்வரை நாங்கள் ஒரே கம்பைப் பிடித்து, ஒருத்தி பின்னால் ஒருத்தியாக நடந்தோம். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன் இருந்ததில்லை.

பிள்ளை பிறந்து நாற்பது நாளும் கழிந்தது. அவள் பாயில் இருந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை வாசலிலிருந்து கூப்பிட்டார். நான் கம்பில் அவளுக்கு இடம் விட்டு ஒதுங்கி நின்றேன். அவள் பிள்ளையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, சும்மா எழும்பிப் போனாள்.