தலையாட்டி

லண்டன் டூட்டிங்கில் எங்கள் கடையில் மிளகாய்த்தூள் பைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது என் போன் அதிர்ந்தது. தொற்று உள்ள ஒருவருக்கு அருகில் இருந்திருக்கிறீர்கள், வீட்டிலேயே இருங்கள் என்றது கொரோனாச் செயலி. அவர் யாரென்று சொல்லவில்லை.

"அது நல்லதுதானே அம்மா. ஒருத்தரின்ர பேரும் வெளியில வராது," என்றாள் மகள். அவள் லண்டனில் பிறந்தவள்.

கையிலிருந்த பையைக் கீழே வைத்தேன். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் இராணுவச் சுற்றிவளைப்பு நடந்தால் எங்களை வரிசையாக நடக்க விடுவார்கள். இராணுவத்துக்குப் பக்கத்தில் ஒருவன், தலையில் சாக்கைக் கவிழ்த்து, கண்களுக்கு மட்டும் ஓட்டை விட்டு உட்கார்ந்திருப்பான். அவனைத் தலையாட்டி என்போம். எங்கள் அண்ணனைப் பார்த்து அவன் ஒருமுறை தலையாட்டினான். ட்ரக்கில் ஏற்றிக்கொண்டு போனார்கள், அண்ணன் திரும்பவில்லை. காட்டிக்கொடுத்தது யாரென்று இன்றுவரை தெரியாது. முகம் தெரியாததுதான் பயமே. இதை இவளுக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

மேல் அறையில் தனியே படுத்து, கடைக்கு வந்த ஒவ்வொரு முகத்தையும் சந்தேகித்தேன். பிறகு இருமல் தொடங்கியது. சோதனையில் எனக்கும் தொற்று.

இப்போது செயலி என்னைக் கேட்டது: உங்கள் அருகில் இருந்தவர்களுக்கு அறிவிக்கலாமா? உங்கள் பெயர் சொல்லப்படாது.

அறிவிப்பு வந்ததற்கு முதல் நாள் மழை விடும்வரை கல்லாவடியில் என்னோடு கதைத்துக்கொண்டு நின்ற கர்ப்பிணிப் பெண்ணை நினைத்தேன். அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

"'ஓம்' எண்டதை அமத்துங்கோ அம்மா," என்றாள், நான் வாசித்துக் காட்டியதைக் கேட்ட மகள், கதவுக்கு வெளியே நின்று.

அமத்தினேன். போர்வையைத் தலைக்கு மேலால் இழுத்துப் போர்த்திக்கொண்டேன். கண்களுக்கு மட்டும் இடைவெளி விட்டேன்.