நீலம் கம்மியா இருக்கு

அப்பாவுக்குக் கண்புரை முத்திக்கொண்டே போனது. இன்னும் தள்ளிப்போட்டால் ஆபரேஷன் கஷ்டம் என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். அப்பா அசையவில்லை. கத்தி வைத்தால் இருக்கிற வெளிச்சமும் போய்விடும் என்று பயம். எத்தனை கெஞ்சியும் கேட்காதவர், கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார்.

"என் கப்பல ஒரு தடவ பாத்துட்றேன். அப்புறம் கண்ணு போனாலும் போவட்டும்."

இரண்டாம் உலக யுத்த காலத்தில், வயலில் இறங்கப் பிடிக்காமல் வீட்டைவிட்டு ஓடிக் கடற்படையில் சேர்ந்தவர் அவர். அந்தப் போர்க்கப்பலின் பக்கவாட்டில் பலகையில் தொங்கிக்கொண்டு பெயிண்ட் அடித்திருக்கிறார். கப்பலை எப்போதோ உடைத்து இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். வேங்கிக்காலில் இருக்கும் என் ஆபீஸிலிருந்து வந்ததும் மரத்திலும் அட்டையிலும் கப்பல் செய்வது என் பொழுதுபோக்கு. ஆகவே, நான் செய்து காட்ட வேண்டும் என்பதுதான் அவர் சொன்னதற்கு அர்த்தம். முழ நீளத்துக்குச் செய்தும் முடித்தேன். நிறத்தில்தான் மாட்டிக்கொண்டேன். கையிலிருந்த ஒரே போட்டோ கறுப்பு வெள்ளை.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தினமும் சாயங்காலம், செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்கள் மொய்க்கும் பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன். என்னைப்போல் பைத்தியங்கள் உலகம் முழுக்க இருப்பது அங்கேதான் தெரிந்தது. யுத்தக் கப்பல் நிறத்துக்காக இன்டர்நெட்டில் அடித்துக்கொள்கிறார்கள். ஒருத்தர் வெளிர் சாம்பல் என்றார். இன்னொருத்தர் அதில் நீலம் கலந்திருக்கும் என்றார். நின்ற துறைமுகத்தில் என்ன கிடைத்ததோ அதை அடித்திருப்பார்கள் என்று வேறொருவர். நிறத்தின் மாதிரியை அனுப்பச் சொன்னேன். ஒரு கம்ப்யூட்டரில் அது சிமெண்ட் மாதிரி தெரிந்தது, பக்கத்து கம்ப்யூட்டரில் புறா மாதிரி. பிரிண்ட் எடுத்தால் ரோஸாக வந்து தொலைத்தது. போங்கடா என்று எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டில் அப்பா சொம்புக்காகச் சுவரைத் தடவிக்கொண்டிருந்தார். பெயிண்ட் அடித்தவரே வீட்டில் இருக்கும்போது ஊரெல்லாம் எதற்குக் கேட்டு அலைகிறேன் என்று தோன்றியது. ஹார்டுவேர் கடையில் சாம்பலும் நீலமும் வாங்கினேன். கலந்து, அட்டைத்துண்டில் பூசி, வெயிலில் அவரிடம் நீட்டினேன். கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

"நீலம் கம்மியா இருக்கு."

சேர்த்தேன். மறுபடியும் கம்மி என்றார். ஆபீஸில் ஃபைலைப் பிரித்தாலும் நீலம்தான் ஓடியது. எப்போது அஞ்சு மணி ஆகும் என்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஓடி வந்து கலக்குவேன், அவர் உதட்டைப் பிதுக்குவார். என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "ஏங்க, இது கப்பலுக்கா, இல்ல பொங்கலுக்கு மாட்டுக் கொம்புக்கு அடிக்கவா?" என்றாள். கப்பலில் தொங்கியது நீயா அவரா என்று எரிந்து விழுந்தேன்.

கடைசியில் ஒருநாள் "இதான்டா" என்றார். முழுக் கப்பலுக்கும் அதையே அடித்துக் காயவைத்துக் கொடுத்தேன். மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொன்ன சொல்லை அவரும் காப்பாற்றினார். அடுத்த வாரமே ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் நடந்தது.

கறுப்புக் கண்ணாடியோடு வீட்டுக்கு வந்தவர், நேராக அலமாரிக்குப் போனார். கழற்றக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததைக் காதில் போட்டுக்கொள்ளாமல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். கப்பலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"எவன்டா இதுக்கு இப்படி நீலத்தக் கொட்டனவன்?"

"நீங்கதாம்பா சொன்னீங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. புரை எல்லாவற்றையும் மஞ்சளாகக் காட்டியிருக்கிறது. அந்த மஞ்சளை அடக்கத்தான் மனுஷன் நீலம் நீலம் என்று கேட்டிருக்கிறார். கண்ணைத் திறக்க வேண்டிய வேலைக்கு அந்தக் கண்ணையே சாட்சி வைத்திருக்கிறோம். உள்ளே மனைவி சிரிக்கிற சத்தம் கேட்டது.

"சாம்பல்டா. நீலம் சும்மா துளி" என்றவர் நிறுத்திவிட்டு என் தலையையே பார்த்தார். கை நீட்டி முடியைத் தொட்டார்.

"உனக்கு எப்படா நரைச்சுது?"

"அஞ்சாறு வருஷம் ஆச்சுப்பா."

முடியிலிருந்து கையை எடுத்தார். பிறகு கண்ணாடியை இறக்கிக்கொண்டு, "இன்னொரு கண்ணுக்கு ஆபரேஷன் எப்போன்னு நாளைக்கே போய்க் கேட்டுட்டு வா" என்றார்.