இடது பக்கத்துக் கிராங்க்

சைக்கிள் ரிப்பேர் தொழிலில் நாம் செய்த தப்பு கடையில் தெரியாது. நடுரோட்டில் தெரிந்து, அங்கிருந்து உருண்டுகொண்டு நம்மிடமே திரும்பி வரும். வலியசாலையில் கடை போட்டிருக்கும் எனக்கு இப்படித் திரும்பி வந்தவற்றில் பெரும்பங்கு கிராங்க் விவகாரம்தான். கிராங்க் என்றால், பெடலையும் நடுவில் இருக்கும் அச்சையும் சேர்க்கும் அந்தக் கை. நான் நாகர்கோவிலில் வேலை பழகிய காலத்தில் ஒரு பின்னைச் செருகிச் சுத்தியலால் தட்டினால் விஷயம் முடிந்தது. இப்போது அச்சின் முனையில் மாட்டி, போல்ட் போட்டு, அளவாக இறுக்க வேண்டும். அந்த அளவு என்னைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. நாலு பேர் முன்னால் அசடு வழிந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அந்தத் தைரியத்தில்தான் சொல்கிறேன்.

முதல் கியர் சைக்கிள்

கடைக்கு வந்த முதல் கியர் சைக்கிள் கழக்கூட்டத்துக் கம்ப்யூட்டர் கம்பெனி இளைஞர் ஒருவருடையது. என்னோடு கடை நடத்தும் பாறசாலைக்காரன் ஷாஜி அன்று லீவு. அச்சின் முனை சதுரம். கிராங்கை எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் ஏறிக்கொள்ளும். வலது பெடல் மேலே இருந்தால் இடது பெடல் கீழே இருக்க வேண்டும் என்பது சைக்கிளில் ஏறாத குழந்தைக்குக்கூடத் தெரியும். நான் போல்ட்டை இறுக்கும் மும்முரத்தில் இரண்டையும் ஒரே பக்கம் பார்க்க மாட்டிவிட்டேன்.

துடைத்து, எண்ணெய் போட்டு, பெருமையாகத் தள்ளிக்கொடுத்தேன். அவர் ஏறி மிதித்தார். இரண்டு காலும் ஒன்றாகக் கீழே போய், ஒன்றாக மேலே வந்தன. எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். எனக்குக் கடைக்குள் ஓடி ஒளியலாம் போல இருந்தது. அவர் இறங்காமலே, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: “சேட்டா, இது சைக்கிளா, தவளையா?”

மீனாட்சி மாமிக்கு வீட்டில் போட்ட நிபந்தனை

மீனாட்சி மாமி எங்கள் தெரு. பழவங்காடியில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு பார்க்கிறார். நாற்பது வயதுக்கு மேல் சைக்கிள் கற்றுக்கொண்டார். பஸ்ஸுக்கு நிற்க வேண்டாம், யாரையும் கொண்டுவிடச் சொல்லிக் கெஞ்ச வேண்டாம் என்பதில் அவருக்கு அத்தனை சந்தோஷம். அவர் வீட்டுக்காரருக்குத்தான் பிடிக்கவில்லை. கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்: ஒரே ஒரு தடவை விழுந்தாலும் போதும், அன்றைக்கே சைக்கிளை விற்றுவிடுவார்.

மாமி இதை என்னிடம் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அதன்பிறகு மாதம் தவறாமல் கடைக்கு வந்து ஒவ்வொரு போல்ட்டாகக் காட்டி, “இது சரியா இருக்கா?” என்று கேட்பார். முதல் நாள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “விழாம ஓட்டறது என் பொறுப்பு அண்ணாச்சி, வண்டி பிரியாம பாத்துக்கறது உங்க பொறுப்பு, கேட்டேளா!”

பிரதட்சிணம்

கிராங்கைக் கழற்றப் புல்லர் என்று ஒரு கருவி உண்டு. அதைத் திருகுவதற்கு முன்னால் போல்ட்டோடு உள்ளே கிடக்கும் வாஷரையும் எடுத்துவிட வேண்டும். ரிட்டயர்டு கணக்கர் ராமஸ்வாமி சாரின் சைக்கிளில் நான் வாஷரை மறந்தேன். புல்லர் பாதி வழியில் பிய்த்துக்கொண்டு வந்தது. கிராங்கின் மரையெல்லாம் போயிற்று. இனி அந்தக் கிராங்க் கருவிக்கு மசியாது. போல்ட் இல்லாமல் ஓட்டி ஓட்டித் தானாக நெகிழ வைப்பது ஒன்றுதான் வழி. எனக்கோ அன்று முழங்கால் வலி, ஷாஜியோ அந்தச் சைக்கிளுக்கு மீறிய உயரம். சாரையே மெதுவாக ஓட்டிப் பார்க்கச் சொன்னேன்.

பாவம், அவர் பக்கத்துக் கோயிலைச் சுற்றிச் சுற்றி வந்தார். தெருவில் நின்றவர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்து வழிவிட்டார்கள். ஒருவர் கும்பிட்டதாகவும் கேள்வி. கடைசியில் ஒரு கையில் ஹாண்டில்பார், மறு கையில் கழன்ற கிராங்க் என்று வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றார். “ரிப்பேருக்குக் குடுத்தா கடைக்காரன் ஒடிப்பான்னு கேட்டிருக்கேன், என்னையே ஒடிச்சுண்டு வரச்சொன்னது நீர் ஒருத்தர்தான் ஓய்!”

பூஜைக்குப் போன ஸ்பானர்

அந்த மானக்கேட்டுக்குப் பிறகு புதிதாக ஒரு ஸ்பானர் வாங்கினேன். இத்தனை இறுக்கம் என்று வைத்துவிட்டால், அந்த அளவு வந்ததும் ‘டிக்’ என்று சத்தம் போடும். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதைக் காட்டிப் பீற்றிக்கொண்டேன். மாமியிடம் கொஞ்சம் கூடுதலாகவே.

நவராத்திரி வந்தது. இங்கே அஷ்டமி சாயங்காலம் கருவிகளைப் பூஜைக்கு வைத்தால் விஜயதசமி காலையில் எடுக்கும்வரை தொடக்கூடாது. அன்று மாமியின் சைக்கிளுக்குப் பேரிங் மாற்றி, இடது கிராங்கை ஏற்றி, போல்ட்டை விரலால் திருகி வைத்திருந்தேன். ஸ்பானரைக் கையில் எடுத்ததுதான் தாமதம், குளித்து நெற்றியில் குறியிட்டு வந்த ஷாஜி, “அண்ணா, சமயம் ஆயி” என்று அதைப் பிடுங்கிச் சந்தனம் தடவி வாழையிலையில் வைத்துவிட்டான். சரி, விஜயதசமியன்று இறுக்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அடுத்த நிமிஷம் மாமி வந்து நின்றார். கடையில் நாலைந்து பேர் வேறு. ‘இன்னும் முடியல்ல மாமி’ என்று சொல்ல வேண்டியதுதானே? வாய்வரை வந்தது. அத்தனை பீற்றிய பிறகு சொல்ல வெட்கமாக இருந்தது. ‘இந்த இரண்டு நாளும் சைக்கிளுக்கு மாலை போட்டு இவரும் பூஜைக்குத்தான் வைப்பார், ஓட்டவா போகிறார்’ என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, “பூஜை முடிஞ்சதும் ஒரு தடவை கொண்டு வாங்க மாமி, பாத்துத் தாறேன்” என்று மட்டும் சொன்னேன். அவர் முகமெல்லாம் சிரிப்பாகச் சைக்கிளை வாங்கிக்கொண்டார்: “பூஜைக்கு முன்னாடியே முடிச்சுட்டேளே அண்ணாச்சி, சமத்து!”

விஜயதசமி

நான் நினைத்தபடியே மாமி சைக்கிளைப் பூஜைக்குத்தான் வைத்திருந்தார். விஜயதசமி விடிந்ததும் மாலையைக் கழற்றிவிட்டு, முதல் சவாரி பிள்ளையார் கோயிலுக்கு என்று பழவங்காடிக்கு ஓட்டிப் போயிருக்கிறார். அது எனக்குத் தோன்றவில்லை. பூஜையிலிருந்து கருவிகளை எடுத்து நானும் ஷாஜியும் கடையைத் திறக்கும்போது மாமி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பிரசாதப் பையிலிருந்து இடது கிராங்கைப் பெடலோடு எடுத்து மேஜையில் வைத்தார். புடவைத் தலைப்பால் முழங்கையை மூடியிருந்தார். தலைப்பில் ரத்தம்.

ரோட்டில் பின்னால் ஒரு பஸ் வந்திருந்தால் என்ற நினைப்பு வந்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். “தப்பு என்னுது மாமி. நான் போல்ட்ட இறுக்கவே இல்ல. உங்க வீட்டில நானே வந்து சொல்லுதேன்” என்றேன்.

மாமி வேண்டாம் என்று தலையாட்டினார். சதுர ஓட்டை தேய்ந்துபோன அந்தக் கிராங்கைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதுசு மாட்டினேன். பூஜைச் சந்தனம் இன்னும் உதிராத ஸ்பானரால் இறுக்கினேன். ‘டிக்’ என்றது. இன்னொரு தடவை என்றார். மறுபடியும் ‘டிக்’. அதன்பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார்: “எங்காத்துல, கோயில் படியில வழுக்கித்துன்னு போன்ல சொல்லியாச்சு அண்ணாச்சி. உங்களுக்காக நல்ல நாளும் அதுவுமா நான் பொய் சொல்லியிருக்கேன். இனிமே நீங்க சொல்றதாவது நிஜமா இருக்கட்டும்.”

போல்ட் சரியாக இறுகியதா என்று சொல்ல ஒரு ஸ்பானர் இருக்கிறது, வேலை முடியவில்லை என்று சொல்ல எனக்கு இருப்பது இந்த வாய் ஒன்றுதான், அதற்குத்தான் உதிரிபாகம் எங்கேயும் கிடைக்க மாட்டேன் என்கிறது.