பம்ப் செய்த வேலை, குளிசைக்குப் பேர்

இன்று கிரான் வட்டை வயல்வெளியில் எங்கள் நெல் வெட்டு. வெட்டு மெஷின் கிளப்பிய தூசியில் என் கணவருக்கு இழுப்பு வந்துவிட்டது.

ஆஸ்துமாவுக்கு கிளினிக்கில் கொடுத்த குளிசையைத் தினமும் இரவில் போடச் சொல்லியிருந்தார்கள். இவரோ, "நெஞ்சு இப்ப நல்லாத்தானே இரிக்கு" என்று அதை வெட்டுக் காலத்துக்கென்று சேர்த்து வைத்திருக்கிறார். நெல்லுக்கு நோய் வரமுதலே மருந்தடிக்கிற மனிதர்!

வரம்பில் குந்தியிருந்து இரண்டு குளிசையை ஒன்றாக விழுங்கிவிட்டு, மூச்சு வருமென்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது இழுப்பு வந்தாப்புறகு போடுற மருந்தில்ல. இந்தாங்க, பம்ப்ப இழுங்க" என்று பையிலிருந்து இன்ஹேலரை எடுத்துக் கொடுத்தேன்.

பம்பை இழுத்தார்; கொஞ்ச நேரத்தில் மூச்சு சீராகியது. வாய் திறந்து முதலில் சொன்னது:

"பாத்தியா புள்ள, குளிசை உடனே கேட்டிட்டு!"

உங்கள் வீட்டில் இப்படியொருவர் இருந்தால், என்ன பதில் சொல்வீர்கள்? எனக்கு இன்று சண்டைபிடிக்கத் தெம்பில்லை.